ஈஜோக்கிலிருந்து வந்த யானைத் தும்பிக்கை

ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அப்படி ஒரு நாள் கட்டாயம் வரும். நுரையீரல் புற்றுச் செல்கள் வளரும் தட்டில் ஏதோ ஓர் இலையின் சாற்றை விட்டிருப்பீர்கள். பிறகு நுண்ணோக்கியில் கண் வைத்தால் எல்லாம் செத்துக் கிடக்கும். யாரையாவது கூப்பிட்டுக் காட்டத் தோன்றும். அந்த மகிழ்ச்சியை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் வந்திருக்கிறது. தட்டை மூடி வைத்துவிட்டு ஈஜோக் விஷயத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நான் ஓய்வு பெற்று அதிக காலம் ஆகவில்லை. பணியில் இருந்தவரை செடிகளைச் சேகரிப்பதும் சாறு எடுப்பதும் என் பொறுப்பு. செல்களை வளர்த்துச் சோதிப்பது ரேவதியின் பொறுப்பு. எங்கள் இருவருக்கும் மேலே பிரிவின் தலைவி. மலாய்க்கார அம்மையார். அவரை எல்லோரும் ‘டாக்டர்’ என்போம். அதிகம் பேசமாட்டார். யாராவது செத்த செல்களைக் காட்ட ஓடினால் மட்டும் மலாயில் ஒரே கேள்வியைக் கேட்பார்: “கொன்னதப் பத்தி அப்புறம் சொல்லு. எதைக் கொல்லாம விட்டுச்சு?”

அந்த ஆண்டு நாங்கள் ஆராய்ந்தது பெலாலாய் காஜா. உங்களுக்குத் தெரிந்த செடிதான். மலாயில் யானைத் தும்பிக்கை என்று பொருள். சிலாங்கூரில் புற்றுநோய் வந்த வீடுகளில் பாதியிலாவது அந்த இலையை அரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அது நுரையீரல் புற்றுச் செல்களை உண்மையிலேயே தடுக்கிறதா என்று பார்ப்பதே எங்கள் வேலை. மூன்று இடங்களிலிருந்து இலை வந்தது: கோலா சிலாங்கூர் சந்தையில் செடி விற்பவரிடமிருந்து, அம்பாங் பெச்சாவில் ஒரு வீட்டுத் தோட்டத்திலிருந்து, ஈஜோக்கில் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த பெண்களிடமிருந்து.

எந்தச் செடியானாலும் பூவோடு ஒரு கிளை வேண்டும் என்பது எங்கள் பிரிவின் விதி. பெலாலாய் காஜாவுக்கு மட்டும் அந்த விதியைத் தளர்த்தியிருந்தார்கள். அது இங்கே பூப்பதே அபூர்வம். குழந்தைக்குக்கூட அடையாளம் தெரியும் செடிக்குப் பூ எதற்கு என்று கேட்டார்கள். கேள்வி நியாயமாகவே பட்டது. ஈஜோக் இலையைப் பெண்கள் காயவைத்து, நொறுக்கி, பையில் கட்டி, மேலே மலாயில் பெயரும் எழுதி அனுப்பியிருந்தார்கள்.

அனுப்பியவர் மேரி. அவர் கணவர் ஆரோக்கியம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். நுரையீரலில் புற்று. அரசாங்க மருத்துவமனையில் கீமோ ஊசி போட்டுக்கொண்டே, காலையில் ஒரு கிளாஸ் இலைச்சாறும் குடித்துவந்தார். எங்கள் ஆய்வுக்கு இலை வேண்டும் என்று கேட்டபோது, “எங்க வீட்டுக்காரர் குடிக்கிற அதே செடிதான் மிஸ், நல்லாப் பாத்துச் சொல்லுங்க” என்று மேரி சொன்னதும் நினைவிருக்கிறது.

முதல் சோதனையில் சந்தை இலையும் அம்பாங் பெச்சா இலையும் மிதமாகத்தான் வேலை செய்தன. ஈஜோக் இலை புற்றுச் செல்களைத் துடைத்து எடுத்திருந்தது. ரேவதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேரிக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பிவிட்டார்: “மேரிக்கா, மூணு இடத்து இலையில உங்க இலைதான் பவர். கேன்சர் செல் எல்லாம் செத்துருச்சு.”

ரேவதி பொய் சொல்லவில்லை. தட்டில் நடந்ததைத்தான் சொன்னார். ஆனால் ஈஜோக்கில் அதைக் கேட்டவருக்குத் தட்டு தெரியாது. தன் நெஞ்சுதான் தெரியும்.

பணம் தரும் குழுவினர் எங்கள் முடிவுகளைக் கேட்கக் கோலாலம்பூருக்கு வரும் நாளுக்கு முதல் நாள் காலை, ரேவதி என் மேசைக்கு வந்து நின்றார். முகம் சரியில்லை.

“அக்கா, டாக்டர் கேட்பாங்கன்னு நார்மல் செல்லுலயும் போட்டுப் பாத்தேன். நல்ல நுரையீரல் செல்.”

“எது மிஞ்சிச்சு?”

“சந்தை இலையிலயும் அம்பாங் பெச்சாவுலயும் நல்லாத்தான் இருக்கு. ஈஜோக்ல ஒண்ணுமே மிஞ்சலக்கா. எல்லாத்தையும் கொன்னுருக்கு.”

பையில் மிச்சமிருந்த இலைத்தூளை வெள்ளைத் தாளில் கொட்டினேன். பெரிய துண்டுகளைத் தேடி எடுத்து விரலால் தடவினேன். பெலாலாய் காஜா இலை வழவழப்பாக இருக்கும். இது சொரசொரவென்று, மெல்லிய ரோமத்தோடு இருந்தது. அந்த நொறுக்கலை வைத்துக்கொண்டு இது இன்ன செடி என்று யாராலும் சொல்ல முடியாது. பெலாலாய் காஜா அல்ல என்ற சந்தேகம் மட்டும் வந்தது. மேரிக்குத் தொலைபேசியில் பேசினேன்.

“மேரி, அந்தச் செடி எப்பவாச்சும் பூத்திருக்கா?”

“எப்பவாச்சுமா? எப்பவும் பூத்துக்கிட்டேதான் மிஸ் இருக்கு. சின்னச் சின்னதா, வெள்ளையா. பூங்கொத்து அப்படியே யானத் தும்பிக்க மாதிரி வளைஞ்சு சுருண்டிருக்குமே. அதனாலதானே அந்தப் பேரு.”

பெலாலாய் காஜா எப்போதாவது பூத்தாலும் செந்நிறத்தில், நீண்ட குழலாகப் பூக்கும். வெள்ளையில் வளைந்து சுருளும் பூங்கொத்து எனக்குத் தெரிந்த வேறொரு செடிக்கு உண்டு. வயல் ஓரத்தில், கால்வாய் ஓரத்தில் தானாக முளைப்பது. தமிழ்நாட்டில் அதே வளைவைப் பார்த்தவர்கள் அதற்குத் தேள்கொடுக்கு என்று பெயர் வைத்தார்கள். கல்லீரலைக் கெடுக்கும் சத்து அதில் உண்டு என்பது எங்கள் துறையில் எல்லோரும் அறிந்தது.

மேரி தொடர்ந்தார். “ரேவதி சொன்னதுக்கு அப்புறம் மூணு கிளாஸா ஆக்கிட்டோம் மிஸ். அவருக்கு இப்போ இதை விட்டா என்ன இருக்கு? ரத்தம் பாத்தாங்க, கல்லீரல் கெட்டிருக்குன்னு ஊசிய நிறுத்திட்டாங்க. நாளைக்குக் காலையில போறோம். இனிமே ஊசி உண்டா இல்லியான்னு முடிவு சொல்வாங்களாம்.”

“இந்தச் சாறு குடிக்கிறது ஆஸ்பத்திரி டாக்டருக்குத் தெரியுமா?”

“ஐயையோ, அத எப்படிச் சொல்றது? ஏசுவாங்க மிஸ்.”

இன்றைக்கு ஒரு நாள் கொடுக்காதீர்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். சொல்லத் தொடங்குமுன் ஆரோக்கியம் அண்ணனே தொலைபேசியை வாங்கிக்கொண்டார். “கொன்னுருச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க டீச்சர்? இப்ப வேணாங்கிறீங்க. ஒரு பேச்சு பேசுங்க லா.” வைத்துவிட்டார். நான் டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் டீச்சர்தான்.

டாக்டரின் அறைக்குப் போனோம். மறுநாள் காட்ட வேண்டிய படங்களை அவர் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். ஈஜோக் இலைதான் முதல் படம். விஷயத்தைச் சொன்னேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“செடி எதுன்னு உறுதியா?”

“இல்ல. பூவோடு கிளை வந்தாத்தான் தாவரப் பிரிவு சொல்லும். சில நாள் ஆகும்.”

“உறுதி இல்லாம ஒரு நோயாளி வீட்டுல போய் என்னன்னு சொல்வே? தப்பா இருந்தா?”

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி வைக்க விரும்புகிறேன். நாம் உறுதிக்காகப் பழக்கப்பட்டவர்கள். மூன்று முறை செய்து பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டோம். அது நல்ல பழக்கம். ஆனால் அன்று காத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். மறுநாள் காலை மருத்துவர், கல்லீரல் ஏன் கெட்டது என்று தெரியாமல் முடிவெடுப்பார். புற்று அங்கேயும் பரவிவிட்டது என்றோ, ஊசி இவர் உடம்புக்கு ஒத்துவரவில்லை என்றோ நினைப்பார். இரண்டில் எதை நினைத்தாலும் ஊசி நின்றுவிடும். என் சந்தேகம் தவறாகவே இருக்கட்டும். சில நாள் இலைச்சாறு குடிக்காததால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஒன்றைக் குடிக்கச் சொல்வதற்கு எவ்வளவு உறுதி வேண்டுமோ, அவ்வளவு உறுதி நிறுத்தச் சொல்வதற்கு வேண்டியதில்லை. இதை டாக்டரிடம் இவ்வளவு ஒழுங்காகச் சொன்னேனா என்பது சந்தேகம். ஆனால் அவருக்குப் புரிந்தது.

முதல் படத்தை அவரே அழித்தார். “நாளைக்கு மிச்சத்த வச்சு நான் பேசிக்கிறேன். நீ போ.”

ரேவதியும் வந்தார். சுங்கை பூலோ தாண்டியதும் நல்ல மழை. செம்பனைகளுக்கு நடுவே போகும் சாலையில் முன்னால் ஒரு குலை லோரி, முந்தவும் இடமில்லை. ஈஜோக் நெருங்கும்போது ரேவதி, “நான் அனுப்பின வாய்ஸ அழிச்சுடலாமான்னு காலையில நினைச்சேன்க்கா” என்றார். “அழிச்சா?” என்றேன். “அவங்க கேட்டது அழியாதுல்ல” என்று அவரே சொல்லிக்கொண்டார்.

செம்பனைத் தோட்டம் மூடியபிறகு தொழிலாளர்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது. முன்கூடத்தில் ஆரோக்கியம் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்பு பார்த்ததைவிடப் பாதியாகிவிட்டார். கண் மஞ்சள் பூத்திருந்தது. பக்கத்து முக்காலியில் பச்சையாக ஒரு கிளாஸ், பாதி குடித்தது.

“வாங்க டீச்சர். என் கேன்சரத்தான் கொன்னுட்டீங்களே, இப்ப துக்கம் விசாரிக்க வந்தீங்களா?”

மேரி, “சும்மா இருங்க, வந்தவங்கள உக்காரச் சொல்லாம” என்று துண்டு எடுத்துவந்து எங்களுக்குக் கொடுத்தார். செடி எங்கே என்றேன். தேவாலயத்துக்குப் பின்னால் நிறைய இருந்ததாம். அதிலிருந்து பிடுங்கிவந்து வீட்டுப் பின்புறமும் வைத்திருந்தார்கள். மேரி மழையோடு போய் வேரோடு ஒன்றைப் பிடுங்கி வந்தார். நுனியில் வெள்ளைப் பூக்கள் ஒரே பக்கமாக வரிசையாக, முனை சுருண்டு. எனக்கு அதற்குமேல் சந்தேகம் இருக்கவில்லை.

கைத்தொலைபேசியில் உண்மையான பெலாலாய் காஜாவின் படத்தை எடுத்து இருவருக்கும் காட்டினேன்.

“இது யாரு?” என்றார் ஆரோக்கியம் அண்ணன்.

“இதுதாண்ணே பெலாலாய் காஜா. நீங்க குடிக்கிறது வேற.”

“அது எப்படி வேறயா இருக்கும்? குலை இறக்குற பேக்டரியில மாட்னு ஒரு மலாய்க்காரன்தான் சொன்னான். அவன் மாமாவுக்கு நல்லாச்சுன்னான். பெலாலாய் காஜா, பெலாலாய் காஜான்னு ரெண்டு தடவ சொன்னான். நான் வந்து இவகிட்டச் சொன்னேன்.”

“என்னான்னு சொன்னீங்க?”

“யானத் தும்பிக்க இலன்னு சொன்னேன். பெலாலாய்னா தும்பிக்க, காஜான்னா யானை. எனக்கு மலாய் தெரியாதா?”

மேரி கையிலிருந்த செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் பூசை முடிஞ்சதும் பொம்பளைங்ககிட்டக் கேட்டேன். யானத் தும்பிக்கச் செடின்னா எது, யாருக்காச்சும் தெரியுமான்னு. எல்லாரும் தேடுனோம். இதப் பாத்ததும் தும்பிக்க மாதிரியே இருக்குன்னு…” பாதியில் நிறுத்திவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். “நீங்க மாட் சொன்ன பேரையே சொல்லியிருக்கலாம்ல?”

“தும்பிக்கைய வேற என்னான்னு சொல்றது மேரி? மூக்குன்னா?”

ரேவதி சிரித்துவிட்டார். உடனே வாயைப் பொத்திக்கொண்டார். ஆரோக்கியம் அண்ணனும் சிரித்தார், இருமல் வரும்வரை. பிறகு எங்களுக்கு வந்த பையின் மேலே மேரி மலாய்ப் பெயரை எப்படி எழுதினார் என்பதும் தெரிந்தது: ஆய்வுக்கூடத்தில் தமிழ் தெரியாதவர்கள் இருப்பார்களே என்று யானைத் தும்பிக்கையை மறுபடி மலாய் ஆக்கியிருக்கிறார். போகும்போதும் வரும்போதும் மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. நடுவில் செடி மட்டும் மாறிவிட்டது.

இருமல் அடங்கியதும் அவர் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“அப்ப இது விஷமா?”

அந்தச் சொல்லை நான் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. “இது கல்லீரலக் கெடுக்கும்ணே. உங்க கல்லீரல் கெட்டதுக்கு இதுதான் காரணமான்னு எனக்குத் தெரியாது. இருக்கலாம்.”

“ஆஸ்பத்திரி ஊசிய நிறுத்திருச்சு. நீங்க இதையும் நிறுத்தச் சொல்றீங்க. ரெண்டும் இல்லாம நான் என்னா செய்றது, சொல்லுங்க.”

“நாளைக்கு இந்தச் செடிய ஆஸ்பத்திரி டாக்டர்கிட்டக் காட்டணும். கல்லீரல் ஏன் கெட்டுச்சுன்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா, இத நிறுத்திட்டுக் கல்லீரல் தேறுதான்னு பாப்பாங்க. தேறுனா ஊசி மறுபடி வரலாம்.”

“வருமா, வரலாமா?”

“வரலாம்.”

அவர் கிளாஸைக் கையிலேயே வைத்திருந்தார். வரும் என்று சொல்லியிருந்தால் அந்தக் கிளாஸை அப்போதே கீழே வைத்திருப்பார். எனக்கும் நாக்கின் நுனிவரை வந்தது. நம் வேலையில் இதைவிடக் கடினமான இடம் வேறு எனக்கு வாய்த்ததில்லை. ஒருமுறை நல்ல சேதியாகச் சொன்னதால்தான் ஒரு கிளாஸ் மூன்றானது. இன்னொரு நல்ல சேதியைச் சொல்லி அதைச் சரிசெய்ய முடியாது.

“சொன்னா ஏசுவாங்க” என்றார் அவர் கடைசியில், குரல் இறங்கி. “எதிர்வீட்டுக்காரர் நாட்டுமருந்து தின்னேன்னு சொன்னதுக்கு வரிசையில எல்லார் முன்னாடியும் ஏசுனாங்க. எனக்கு அது வேணாம்.”

மேரி அவர் கையிலிருந்து கிளாஸை வாங்கினார். “ஏசுனா ஏசட்டும். ஏசு காப்பாத்துவாரு” என்று பின்பக்கம் போய்க் கொட்டிவிட்டு வந்தார். அவர் தடுக்கவில்லை.

“நாளைக்கு நீங்க வருவீங்களா டீச்சர்?”

மறுநாள் காலை நான் இருக்க வேண்டிய இடம் கோலாலம்பூர். கேள்விகள் வந்தால் பதில் சொல்ல டாக்டர் பக்கத்தில் நான் வேண்டும். வருகிறேன் என்றேன். கிளம்புமுன் வேறு யார் யார் குடிக்கிறார்கள் என்று மேரியிடம் கேட்டு, நாங்கள் இருக்கும்போதே ஒவ்வொருவருக்கும் போன் செய்ய வைத்தேன். ஒரு பெண்மணி தன் சர்க்கரை நோய்க்குக் குடித்துக்கொண்டிருந்தார். அதற்கு நல்லது என்று அவரிடம் யார் சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை.

மருத்துவமனையில் மேரி அந்தச் செடியை மண்ணோடு ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து மருத்துவரின் மேசையில் வைத்தார். மருத்துவர் வயது குறைந்தவர், சீனர். என்ன இது என்று மலாயில் கேட்டார். ஆரோக்கியம் அண்ணனே சொல்லட்டும் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவர் முழுவதையும் சொன்னார், மாட் சொன்னதிலிருந்து மூன்று கிளாஸ்வரை. சொல்லிவிட்டு, ஏச்சு வாங்கத் தயாரானவர்போல் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டார்.

மருத்துவர் ஏசவில்லை. செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்தகத்தில் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசினார். என்னிடம் சிலவற்றைக் கேட்டார். எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொன்னேன். பிறகு கணினியில் அதுவரை எழுதி வைத்திருந்த ஒரு பத்தியை அழித்தார். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. “ஊசி இப்ப இல்ல. ஆனா முடிவு இன்னைக்கு இல்ல. சாறை நிறுத்துங்க. மறுபடி ரத்தம் பாப்போம்” என்றார்.

வெளியே வந்ததும் ஆரோக்கியம் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஏசலையே” என்றார், ஏமாந்துபோனவர்போல.

கோலாலம்பூரில் டாக்டர் மிதமான முடிவுகளை மிதமானவை என்றே சொல்லியிருக்கிறார். குழுவினர் அவ்வளவாக மகிழவில்லை. கேட்டதில் ஒரு பகுதிதான் கிடைத்தது. தாவரப் பிரிவிலிருந்து தேள்கொடுக்குதான் என்று பதில் வந்தபோது அவர் செய்த முதல் வேலை, பூவோடு கிளை வேண்டும் என்ற விதிக்கு விலக்கே இல்லை என்று எழுதிச் சுவரில் ஒட்டியது. நீங்கள் இப்போது முணுமுணுத்துக்கொண்டே பின்பற்றும் விதி அதுதான்.

பிறகு ரத்தப் பரிசோதனை ஒவ்வொன்றுக்குப் பின்னும் மேரி செய்தி அனுப்புவார். முதலில் மாற்றமில்லை. அடுத்ததில் கொஞ்சம் இறங்கியது. ரேவதி அந்தச் செய்திகளைத் திறக்கப் பயந்து என்னிடம் நீட்டுவார். நான் படித்துச் சொல்வேன். ஒரு நாள் செய்தி இல்லை, படம் வந்தது. தேவாலயத்தின் பின்வேலியில் ஒரு பலகை. லோரிக் கதவில் பெயர் எழுதும் சிவப்புப் பெயிண்ட்டில், கொட்டை எழுத்தில்: ‘இது யானை இல்லை. தேள்.’ கீழே மலாயிலும் அதுவே.

சற்று நேரத்தில் ஆரோக்கியம் அண்ணனே கூப்பிட்டார்.

“பாத்தீங்களா டீச்சர்? எழுத்துப் பிழ எதுவும் இருக்கா?”

“இல்லைண்ணே. சரியா இருக்கு.”

“அப்ப வைக்கிறேன் லா. மேரி வாசல்ல நின்னு கத்துறா, ஊசிக்கு நேரமாச்சாம்.”